இரண்டு வில்லியம்களும் ஒரு கிராமமும்

நான் விட்ட ஒரு பிழையால், முப்பது வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கினால், அந்தப் பிழையைத் திருத்துவது என் கடமையா, இல்லையா? மூன்று வருஷமாக இதை யோசிக்கிறேன். பாத்திரம் கழுவும்போது கடமைதான் என்று தோன்றும். அதே பாத்திரத்தைத் துடைத்து அடுக்கும்போது, அப்படி என்ன பெரிய கடமை என்று தோன்றும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஆசிரியரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். எனக்கு வயது முப்பத்து நான்கு. எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறான், ஆறு வயதில் மகள் ஆரணி இருக்கிறாள். ஏழு வருஷம் பார்த்த வேலையை மகன் பிறப்பதற்கு முன் விட்டேன். "வேலையை விட்டவர் என்றால் விட்டவர்தான், எழுதுங்கள்" என்றார் ஆசிரியர். பிறகும் மனம் ஆறாமல் மூன்றாம் தரம் கேட்க ரெலிபோனை எடுத்தபோது என் கணவர், எனக்கு எப்போதும் 'இவர்'தான், அதைப் பறித்து வைத்தார். "அந்த மனுசனை நிம்மதியா இருக்க விடுமப்பா."

எழுதச் சொல்லித் தூண்டியது கவிதா. நான் எழும்பிப் போன கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரி. போன மாதம் ஒருநாள் மத்தியானம் அழைத்தார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? குட்டிப் பையன் தூங்கறானா? ஒரு சின்ன டவுட்டுக்கா. ஒரே பேர்ல, அதே அப்பா அம்மாவோட ரெண்டு கார்டு இருக்கு. வருஷம் மட்டும் வேற. டூப்ளிகேட் தானே? ஒண்ணை எடுத்துடவா?"

"எடுக்காதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில், நித்திரையாக இருந்த மகன் துள்ளி எழும்பி அழத் தொடங்கினான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏன் எடுக்கக் கூடாது என்று கவிதாவுக்குச் சொல்ல ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் அவர், "அக்கா, இதை எங்கயாவது எழுதி வைங்க. அடுத்து வர்ற பொண்ணும் இதே தப்பைப் பண்ணும்" என்றார்.

ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது லண்டனில் மிச்சம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தின் மேல்மாடியில், உள்ளூர் வரலாற்று அறையில். அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் மரக்கறி வாங்குகிறார்கள். இன்று அங்கே போனால் ட்ராம் ஓடும், எங்கள் ஆட்களின் கடைகள் நாலைந்து இருக்கும், அது ஒரு காலத்தில் கிராமம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் அறையில் ஒரு பழைய வரைபடம் இருந்தது. அதில் ஒரு தேவாலயம், ஒரு குளம், ஒரு கொல்லன் பட்டறை, ஐந்து பண்ணைகள். மிச்சமெல்லாம் வயல். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர். பிறகு செங்கல் சூளை வந்தது, ரயில் வந்தது, சூளையின் செங்கல்லால் வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. ஐம்பது வருஷத்தில் வயல் பெயர்களெல்லாம் தெருப் பெயர்களாகிவிட்டன.

பிறந்த ஊரில் நான் வரலாற்றுப் பட்டதாரி. அரச வம்சங்களை ஒப்புவிக்கத் தெரியும். கல்யாணமாகி லண்டனுக்கு வந்து, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பகுதிநேர வேலையில் சேர்ந்தேன். மேல்மாடியில் ஆள் குறைந்தபோது, "இவர் வரலாறு படித்தவர்" என்று யாரோ சொல்லி என்னை ஏற்றிவிட்டார்கள். பயிற்சி என்று பார்த்தால் இரண்டு கிழமை, பதினான்கு நாள். மைக்ரோபிலிம் சுருளை இயந்திரத்தில் மாட்டுவது, பழைய கையெழுத்தை வாசிப்பது, பேனா கொண்டுவருபவர்களிடம் சிரித்த முகத்தோடு அதை வாங்கி வைத்துப் பென்சில் கொடுப்பது.

முதல் நாளே மானம் போனது. பொறுப்பாளர் டெனிஸ் ஒரு பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "அந்த மேசை லாச்சியை இழுத்து இரண்டு பாம்பு எடுத்து வாருங்கள்" என்றார். நான் லாச்சிப் பக்கமே போகவில்லை. பிறகு அவரே போய் எடுத்து வந்தார். ஈயக் குண்டுகளை உள்ளே வைத்துத் தைத்த நீளத் துணிக் கயிறு. புத்தகத்தின் பக்கம் மூடாமல் இருக்க மேலே போடுவது. அதற்கு அந்தத் தொழிலில் பாம்பு என்றுதான் பெயர். அன்றைக்கு நான் கதவுப் பக்கம் இரண்டடி பின்னால் போனதைக் கடைசி நாள் விருந்திலும் சொல்லிச் சிரித்தார்.

டெனிஸுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜமெய்க்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு அதே ஊரில் பிறந்த பெண். பெரிய காதணி, பெரிய சிரிப்பு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அதுவரை "மிஸ்" என்றேன். "டார்லிங், உங்கள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டால், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது" என்பார். சிரிப்பெல்லாம் அறைக்கு வெளியே. அட்டை லாச்சிக்கு முன்னால் நின்றால் அவர் வேறு ஆள்.

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஒரு காலத்தில் தொண்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையாக எழுதி அடுக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான அட்டைகள். தொண்டர்கள் எழுதியதில் பிழை இருக்கும். டெனிஸின் சட்டங்கள் மூன்று. பிழையான அட்டையைக் கிழிக்கக் கூடாது, அதன் மேலே பென்சிலால் ஒற்றைக் கோடு போட்டுக் காரணமும் தேதியும் பெயரின் முதலெழுத்தும் எழுத வேண்டும். கோடு போட முதல், அசல் பதிவேட்டின் படச் சுருளை இயந்திரத்தில் ஓட்டிக் கண்ணால் பார்க்க வேண்டும். வாசகருக்கு எழுதும் கடிதத்தில் 'இல்லை' என்று எழுதவே கூடாது, 'கிடைக்கவில்லை' என்றுதான் எழுத வேண்டும். "நாங்கள் கடவுள் இல்லை, டார்லிங். எங்களிடம் இருப்பது ஒரு லாச்சி."

எனக்கு இந்தச் சட்டங்கள் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பிடம் வரை வந்து, அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பிப் போகிற ஆள் நான். சரிபார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்.

அறைக்கு வருபவர்கள் பல விதம். தன் முப்பாட்டனார் பிரபு என்று நம்பிக் கனடாவிலிருந்து வந்த ஒருவருக்கு, அவர் பிரபுவின் குதிரைக்குத் தண்ணி காட்டியவர் என்று சொல்ல நேர்ந்தது. மனிதர் சந்தோஷமாகக் குதிரையின் பெயரைக் கேட்டார். இன்னொரு நாள் எங்கள் ஆள் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"பிள்ளை, காருக்குப் பெர்மிட் குடுக்கிறது இஞ்சையோ?"

"இல்லை அண்ணை, அது கவுன்சில் கட்டடம். இது பழைய வரலாறு பார்க்கிற இடம்."

"என்ர வீட்டுக்கும் வரலாறு இருக்கோ?"

இருந்தது. குடிசன மதிப்புப் பதிவில் அவருடைய தெருவையும் இலக்கத்தையும் தேடிக் கொடுத்தேன். நூறு வருஷத்துக்கு முன் அந்த இரண்டறை வீட்டில் ஒரு செங்கல் தொழிலாளியும் மனைவியும் ஏழு பிள்ளைகளும் இரண்டு வாடகைக்காரரும் இருந்திருக்கிறார்கள். அண்ணை விரலை வைத்து எண்ணினார்.

"பதினொரு பேர்! பிள்ளை, இதைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தாரும். நாங்கள் ஆறு பேர் இருக்கிறமெண்டு பக்கத்து வீட்டுக்காரன் முறைப்பாடு குடுத்திருக்கிறான். அவனுக்குக் காட்டவேணும்."

இப்படிச் சிரித்துக்கொண்டே நாலு வருஷம் போனது. பிறகு ஹாஸ்கெட் குடும்பம் வந்தது.

ஊரின் புல்வெளியில் ஒரு தகவல் பலகை நாட்டுவது என்று முடிவாகியிருந்தது. கிராமம் எப்படி ஊராக வளர்ந்தது என்பதுதான் விஷயம். செங்கல் சூளையை ஆரம்பித்தவர் தோமஸ் ஹாஸ்கெட். ஊரின் முதல் வரிசை வீடுகளைக் கட்டியவரும் அவர்தான். பலகையில் ஒரு வரைபடம், குளத்தின் பழைய படம், தோமஸின் வம்சாவளி மரம் மூன்றும் வர வேண்டும். மரத்தைத் தயாரிக்கும் வேலையை டெனிஸ் என்னிடம் தந்தார்.

தோமஸின் வம்சம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ரொன் ஹாஸ்கெட். எண்பதை நெருங்கியவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். மற்றவர் மொரீன், எழுபத்தைந்து வயது. கல்யாணத்துக்கு முன் அவரும் ஹாஸ்கெட். தோமஸின் மகன் ஹென்றியின் வழியில் வந்தவர் மொரீன். அதில் சிக்கல் இல்லை, காகிதங்கள் சங்கிலி மாதிரி இருந்தன. ரொன் தன் பூட்டனார் வில்லியம், தோமஸின் இன்னொரு மகன் என்றார். மொரீன் வீட்டார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வில்லியம் ரயில் பாதை போட வந்த வேறு ஹாஸ்கெட், எங்கள் பெயர் ஊரில் பெரிதாக இருந்ததால் ஒட்டிக்கொண்டவர் என்றார்கள். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு செத்தவீட்டில் மொரீனின் அண்ணன் இதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் இரண்டே தெரு.

ரொன் செவ்வாய்க்கிழமை வருவார், மொரீன் வியாழக்கிழமை. அப்படி ஒழுங்கு செய்தது டெனிஸ். ரொன் வந்தால் தேநீர்க் குடுவையை வாசலில் வைக்கச் சொல்ல வேண்டும், அவர் அதை ஒவ்வொரு செவ்வாயும் மறந்த மாதிரி நடிப்பார். "எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அன்பே. அந்தப் பலகையில் ஒரு சின்னக் கோடு என் பக்கமாக இறங்கினால் போதும்" என்பார். மொரீன் வியாழக்கிழமை வந்து, "செவ்வாய்க்கிழமை ஆள் என்ன சொல்கிறது?" என்பார்.

நான் லாச்சியைத் திறந்தேன். தோமஸ், மனைவி ஆன், இவர்களுக்கு மகனாக வில்லியம் ஞானஸ்நானம் பெற்ற அட்டை இருந்தது. அதே வில்லியம் பதினான்கு மாதத்தில் அடக்கம் செய்யப்பட்ட அட்டையும் இருந்தது. இரண்டையும் படச் சுருளில் ஒழுங்காகப் பார்த்தேன். சரியாகவே இருந்தன. பிறகு மூன்றாவதாக ஓர் அட்டை. தோமஸ், ஆன், மகன் வில்லியம், ஞானஸ்நானம், முதலாவதற்கு மூன்று வருஷம் கழித்து.

செத்துப்போன பிள்ளைக்கு எப்படி ஞானஸ்நானம்? தொண்டர் வருஷத்தைப் பிழையாக எழுதிவிட்டார், ஒரே பிள்ளைக்கு இரண்டு அட்டை என்று முடிவு கட்டினேன். முடிவு கட்ட ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. படச் சுருளை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. பென்சிலை எடுத்தேன், கோடு போட்டேன், 'இரட்டிப்பு' என்று எழுதி என் முதலெழுத்தையும் போட்டேன்.

ஏன் பார்க்கவில்லை என்று என்னை நானே பல தரம் கேட்டிருக்கிறேன். சந்தேகம் வந்திருந்தால் பத்துத் தரம் பார்த்திருப்பேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு முன் அம்மாவுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து சில மாதத்தில் தவறிவிட்டது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. அதே பெயரில் சந்தியில் ஒரு கடைக்காரர் இருந்தார். அம்மா அவரைக் கடைசிவரை 'மூலைக்கடைக்காரர்' என்றுதான் சொன்னார். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்று என் தலைக்குள் எந்த மூலையிலும் இல்லை. அது நடக்காத காரியம். ஆகவே அட்டை பிழை.

மரத்தில் வில்லியத்தின் பெயருக்குக் கீழே 'குழந்தையில் மறைவு' என்று எழுதினேன். கோடு அதோடு நின்றது. ரொனுக்குக் கடிதம் எழுதினேன், சட்டப்படி: "உங்கள் பூட்டனார் தோமஸின் மகன் என்பதற்கான பதிவு கிடைக்கவில்லை." டெனிஸ் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை கையில் கொடுத்தேன். ரொன் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"அப்படியென்றால் நான் அவர்களில் ஒருவன் இல்லை?"

'கிடைக்கவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தம் இல்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல், ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். கடிதத்தில் ஒழுங்காக இருந்தவள் தலையாட்டலில் பிழைத்தேன். ரொன் குடுவையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "நன்றி, அன்பே. தெரிந்துகொள்வது நல்லது" என்றார். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

ஐந்தாவது கிழமை ஒரு பெண் தன் குடும்ப மரத்தோடு வந்தார். என்னிடம் காட்டிச் சிரித்தார். "பாருங்கள், மூன்று எலிசபெத். முதல் இரண்டும் தங்கவில்லை. விடாமல் மூன்றாவதற்கும் அதே பெயர். நான் அந்த மூன்றாவதின் பேத்தியின் பேத்தி."

"போன பிள்ளையின் பெயரையா?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே" என்றார், நான் தண்ணீர் நனைக்குமா என்று கேட்டுவிட்ட மாதிரி.

படச் சுருளை மாட்டினேன். அவசரத்தில் இரண்டு தரம் கழன்று விழுந்தது. மூன்று வருஷம் தள்ளி, அதே மதகுருவின் சாய்ந்த எழுத்தில், தெளிவாக இருந்தது: வில்லியம், தோமஸுக்கும் ஆனுக்கும் மகன். பிறகு குடிசன மதிப்பு. ஏழு வயது வில்லியம், பதினேழு வயது வில்லியம், செங்கல் தொழில். இதற்கு முன் அந்தப் பதிவைப் பார்த்தபோது, யாரோ உறவுக்காரப் பையனை மகன் என்று எழுதிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லியிருந்தேன். பிழையைக் காப்பாற்ற நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

டெனிஸிடம் போய் நின்றேன். "மிஸ்" என்றேன். பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"காட்டுங்கள்."

காட்டினேன். அவர் திட்டவில்லை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மூன்று பதிவையும் தானே ஒருமுறை முழுதாக வாசித்தார். பிறகு கேட்டார்: "ஏன் பார்க்கவில்லை?" அம்மாவின் கதையைச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஆனுக்கு அந்தப் பெயர் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்திருக்கும். உங்கள் அம்மாவுக்குக் கேட்கவே கூடாது. இரண்டும் ஒரே காரணம்தான்" என்றார். உடனே பழைய குரலுக்கு மாறிவிட்டார். "சரி. கோட்டுக்கு மேலே இன்னொரு குறிப்பு எழுதுங்கள். அழிக்க வேண்டாம். உங்கள் பிழையும் இந்த ஊர் வரலாறுதான். பிறகு ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இதைக் கடிதத்தில் அனுப்பக் கூடாது, நேரில் போய்ச் சொல்ல வேண்டும்."

பதிவின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு ரொனின் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன். மணியை அடித்தேன். கதவைத் திறந்தது மொரீன்.

ஏப்ரன் கட்டியிருந்தார். கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. "அடடே, வியாழக்கிழமைப் பெண்!" என்றார். "வாருங்கள், வாருங்கள். ரொன், உன் செவ்வாய்க்கிழமைப் பெண் வந்திருக்கிறாள்!"

உள்ளே ரொன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேநீர் வந்தது. நடந்ததை மொரீனே சொன்னார். என் கடிதத்தை வாசித்த ரொன் ஒரு கிழமை யோசித்துவிட்டு, 'நீங்கள் சொன்னதுதான் சரி' என்று ஒரு துண்டில் எழுதி மொரீனின் கதவுக்குள் போட்டிருக்கிறார். "முப்பது வருஷம் இந்த மனிதர் தோற்பதற்காகக் காத்திருந்தேன்" என்றார் மொரீன். "தோற்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் ஒரு ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மனிதர் டப்பா சூப் குடித்துக்கொண்டிருக்கிறார். டப்பாவோடேயே!"

"கோப்பை கழுவுவது மிச்சம்" என்றார் ரொன்.

"சொந்தக்காரனாக இருந்திருந்தால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டுப் போயிருப்பேன். சொந்தமில்லாதவன் என்றபடியால் மரியாதையாக இருக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் உங்கள் கடிதத்தால்தான், கண்ணே."

என் பையில் இருந்த காகிதம் கனத்தது. பாடமாக்கிய வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஆரணியை நேர்சரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி எழும்பினேன். ரொன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் வாசல் படலை வரை கூடவே வந்தார்.

"என்ன கொண்டுவந்தீர்கள்?"

சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன், மூன்று தரமோ நாலு தரமோ. பிரதியைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். அந்த ஒரு வரியை அவ்வளவு நேரம் வாசிக்கலாமா என்று இருந்தது.

"அப்படியென்றால் நான் ஹாஸ்கெட்தான்."

"ஓம். தோமஸின் நேர் வழி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்.

"அவளிடம் சொல்லாதீர்கள்."

"மிஸ்டர் ஹாஸ்கெட், பலகையில் வர வேண்டுமே. சரியாக வர வேண்டும்."

"பலகையில் மரத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லாரும் தங்கள் வீடு எங்கே என்று வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள்." வீட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளே மொரீன் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. "என் மனைவி போன பிறகு அந்தச் சமையலறையில் சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்தால் போதும். எனக்குத் தெரிந்துவிட்டது."

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க ஏலாது, அது என் அதிகாரம் இல்லை. திரும்பி வந்து டெனிஸிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் சிரித்துச் சிரித்துக் காதணி ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டியதாகப் போனது. பிறகு யோசித்தார். பிழையான மரம் பலகையில் போகாது. அது நிச்சயம். சரியான மரத்தைப் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. குளத்தின் படம் சின்னதாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் ஏற்கனவே குறைப்பட்டுக்கொண்டிருந்தார். குளம் பெரிதானது, மரம் போனது. திருத்திய மரம் எங்கள் கோப்பில் இருக்கும், கேட்பவர் எவருக்கும் காட்டுவோம். "கேட்டால் மறைக்கமாட்டோம். கேட்காதவரின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லவும் மாட்டோம்" என்றார்.

அன்று இவரிடம் கேட்டேன். "இது சரியே?"

"மனேச்சர் சொல்லியாச்சுத்தானே. பிறகென்ன உமக்கு?"

"மொரீனை ஏமாத்திற மாதிரி இல்லையோ?"

"அவ சந்தோஷமா இருக்கிறாவோ இல்லையோ?"

"இருக்கிறா."

"அந்தாள்?"

"அவரும்."

"அப்ப இதில கவலைப்படுறதுக்கு ஒரு ஆள் வேணுமெண்டு நீர் நிக்கிறீர்" என்றார்.

பலகைத் திறப்பு விழாவுக்கு நல்ல வெயில். ஆரணி ஐஸ்கிரீமோடு குளம் எங்கே, குளம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குளத்தை மூடிச் சூப்பர்மார்க்கெட் வந்து பல வருஷம். முன் வரிசையில் இரண்டு மடக்குக் கதிரைகள். மொரீன் ஹாஸ்கெட் குடும்பத்தின் சார்பில் நாடாவை வெட்டினார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பக்கத்தில் இருந்தவரை அறிமுகம் செய்தார்: "இது ரொன். இவரும் ஹாஸ்கெட்தான், ஆனால் எங்களுக்குச் சொந்தமில்லை." ஒவ்வொரு தரமும் ரொன் தொப்பியைத் தூக்கி, "துளிகூட இல்லை" என்றார். போகும்போது மொரீன் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்த மாதிரி இருந்தது. அவருக்குத் தெரியுமோ என்று அன்று முழுக்க யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

மூன்று வருஷமாக யாரும் அந்தக் கோப்பைக் கேட்கவில்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். ரொன் பட்டாணி உரிக்கிறார். எனக்குக் கிறிஸ்மஸுக்கு இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரே வாழ்த்து அட்டை வருகிறது.

கவிதா இப்போது செய்யும் வேலை, லாச்சியில் இருக்கும் அட்டைகளையும் கோப்பில் இருக்கும் மரங்களையும் கணினியில் ஏற்றுவது. கோடை தொடங்கும்போது எவரும் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் போன கிழமை மொரீனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பேரன் அவருக்குக் கணினி பழக்குகிறானாம். 'பதிவுகள் வந்ததும் முதல் வேலையாக எங்கள் குடும்பத்தைத்தான் தட்டிப் பார்க்கப் போகிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள், கண்ணே' என்று கேட்டிருக்கிறார்.

டெனிஸை அழைத்தேன். "நீங்கள் இப்போது என் ஊழியர் இல்லை, டார்லிங். உங்கள் விருப்பம்" என்றார். ரொனை அழைத்தேன். நீளமாக மூச்சு விட்டார். "நான் சொல்லவும் மாட்டேன், சொல்லாதீர்கள் என்று இனிக் கேட்கவும் மாட்டேன். எனக்கு எண்பத்திரண்டு. அவள் சுடுகிற ஆப்பிள் பை இல்லாமல் ஒரு ஞாயிறு எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார். இவரிடம் கேட்டேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வாசகர்களே, உங்களில் பெரிய குடும்பங்களைக் கட்டிக் காத்தவர்கள் இருக்கிறீர்கள். சொந்தங்களுக்கு நடுவில் நின்று சமாதானம் பேசியவர்கள் இருக்கிறீர்கள். ரொன் உங்கள் சொந்தம்தான் என்று மொரீனுக்கு நானே முதலில் எழுதிவிடவா? அல்லது வானிலையையும் பிள்ளைகளையும் பற்றி இரண்டு பக்கம் எழுதி, மிச்சத்தைக் கணினி சொல்லட்டும் என்று விட்டுவிடவா? எழுதுவதென்றால் முதல் வசனத்தை எப்படித் தொடங்குவது? பதில் கடிதம் அரை மணி நேரமாக மேசையில் இருக்கிறது. 'அன்புள்ள மொரீன்' என்பது வரை எழுதியிருக்கிறேன். அதையும் பென்சிலால்தான்.